ஹிதாயாவும் சிவப்பு வட்டம் போட்ட குதிரையும்

ஹிதாயாவின் மௌத்துச் செய்தியை எனக்குச் சொன்னது பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான்.

அன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் புறப்பட்டிருந்தேன். அவளுடைய மகள் கட்டிலருகே இருந்தாள். மாற்று உடுப்பும், ஹிதாயா கேட்டிருந்த கஞ்சியும் எடுத்துக்கொண்டு நான் திரும்பிப் போவதாக ஏற்பாடு. என் தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. கல்முனை பஸாரைத் தாண்டி ஓட்டோ சாய்ந்தமருதுக்குள் நுழையும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் மரணித்தால் முதலில் அவளுடைய வாப்பாவின் பெயரைச் சொல்வார்கள். பிறகு கணவரின் பெயர், மருமகனின் பெயர். அவளுடைய பெயர் கடைசியில்தான் வரும். வாப்பாவின் பெயர் காதில் விழுந்ததுமே ஓட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மற்றப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதே பெயருள்ள வேறு ஒரு வாப்பாவும், வேறு ஒரு கணவரும் ஊரில் இருக்கக்கூடும் என்று அந்தச் சில விநாடிகள் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் நூறுல் ஹிதாயா என்று வந்தது.

ஓட்டோக்காரத் தம்பி வாய்க்குள் இன்னாலில்லாஹி ஓதினார். "உங்கட ஆளா ராத்தா?" என்று கேட்டார்.

"ஓம். ஆஸ்பத்திரிக்கே திருப்புங்க தம்பி."

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஸாரில் பிள்ளைகளின் உடுப்புக் கடையில் நின்ற ஹிதாயாவை உங்களில் பலருக்குத் தெரியும். பெருநாள் நெருக்கத்தில் கடை நிறையச் சனம் முட்டி மோதும்போதும் அவள் தாயோடு கதைக்குமுன் பிள்ளையோடுதான் கதைப்பாள். இரண்டு மூன்று சட்டைகளை விரித்துப் போட்டுவிட்டு, "இதில உங்களுக்கு எது?" என்று கேட்டு, பிள்ளை கை நீட்டும்வரை நிற்பாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் காது கேட்காதவள் போல நிற்பாள்.

அவளுடைய இன்னொரு பேச்சும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாராவது புது மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையடித்தால், "நல்லதுதான். பற்றரி தனியா வாங்கோணும்," என்பாள். தேர்தலுக்கு வந்தவர்கள் கடலுக்குக் கல்லணை போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாலும் அதே பதில்தான். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை.

அவளுடைய தாயும் என் உம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அவளுடைய தாய் இளையவர், எனக்குச் சாச்சி. ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். எனக்கும் அவளுக்கும் சில மாதங்கள்தான் வித்தியாசம் என்பதால் ராத்தா, தங்கச்சி என்ற கதையெல்லாம் எங்களுக்குள் இல்லை. நாங்கள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது சாச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். மகளுக்கு வீடு கட்ட வேண்டும். அவளுடைய வாப்பா கரைவலை இழுத்துக் கொண்டுவருவது சோற்றுக்கே சரியாக இருந்தது. சாச்சி வேனில் ஏறிய அன்று பகல், ஹிதாயா தன்னுடைய தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உம்மாவிடம், "பெரியம்மா, இத எங்க வெக்கிற?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வருடம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு, குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த ஒலுவில் ஊர்ப் பெண்ணொருவர் சாச்சி தந்தனுப்பிய பார்சலைக் கொண்டுவந்தார். பால்மா, உடுப்புத் துணி, சவர்க்காரக் கட்டிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தடித்த புத்தகம். அந்த நாட்டில் பெருநாளைக்கு முன்பு விளையாட்டுச் சாமான் கடைக்காரர்கள் தங்களிடம் உள்ள சாமான்களையெல்லாம் படம் பிடித்துப் புத்தகமாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்களாம். சாச்சி வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்து முடித்துவிட்டு எறிந்ததை அவர் எடுத்து வைத்திருந்திருக்கிறார்.

அதுவரை நாங்கள் அப்படியொரு தாளைத் தொட்டதில்லை. விரித்தால் வழுக்கும். சவர்க்காரத்தோடு கிடந்து வந்ததால் பக்கத்துக்குப் பக்கம் அந்த வாசம் இருந்தது. கண்ணை மூடித் திறக்கும் பொம்மைகள், தண்ணீர்க் குழாய் வைத்த குட்டிக் குசினி, ஒரு பிள்ளை உள்ளே உட்கார்ந்து ஓட்டக்கூடிய கார், வளைந்து வளைந்து போகும் தண்டவாளத்தில் ஒரு ரயில். எங்கள் கரைக்கு ரயில் கிடையாது. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிந்துவிடும். அதனால் எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்த பொடியன்மார் எல்லோருக்கும் அந்த ரயில் பக்கத்தில்தான் கண்.

புத்தகம் வந்த அன்றே உம்மாவுக்கு ஒரு தலையிடி தொடங்கியது. பக்கமெல்லாம் அறபு எழுத்து. "கீழ வெக்காதீங்க, கால் பட்டிரும்," என்றார். ஆனால் பொம்மைப் படங்கள் நிறைந்த புத்தகத்தைக் குர்ஆன் வைக்கும் தட்டிலும் வைக்க முடியாது. கடைசியில் அலுமாரியின் நடுத்தட்டில், பெருநாளைக்கு மட்டும் எடுக்கும் பீங்கான் கோப்பைகளோடு அதற்கு ஓர் இடம் கிடைத்தது. கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது உம்மாவின் சட்டம்.

நாங்கள் ஓதப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் புத்தகத்தில் இருந்த எழுத்துகளில் குர்ஆனில் உள்ளது போல மேலும் கீழும் குறிகள் இல்லாததால் எங்களால் வாசிக்க முடியவில்லை. ஒருநாள் ஹிதாயா புத்தகத்தை முக்காட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், எங்களுக்கு ஓதிக்கொடுத்த லெவ்வையின் முன் விரித்து வைத்தாள். ரயிலின் கீழே இருந்த வரியைக் காட்டி, "இதில என்ன எழுதியிரிக்கி?" என்று கேட்டாள். லெவ்வை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஏதோ பெரிய வாக்கியம் வரப்போகிறது என்று நாங்கள் மூச்சுக் காட்டாமல் இருந்தோம்.

"பற்றரி தனியா வாங்கோணும் எண்டு போட்டிரிக்கி," என்றார்.

அவர் சிரிக்கவில்லை. ஹிதாயாவும் சிரிக்கவில்லை. "எத்தினை பற்றரி எண்டு போட்டிரிக்கா?" என்று கேட்டாள்.

பின்னேரங்களில் புத்தகத்தை வைத்து ஒரு விளையாட்டு நடக்கும். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பக்கத்தைப் புரட்ட வேண்டும். யாருடைய கை முதலில் படத்தில் படுகிறதோ, சாமான் அவருக்குச் சொந்தம். நான் குட்டிக் குசினிக்காக அடிபட்டிருக்கிறேன். கார் படத்துக்காக ஒரு பொடியனின் விரல் சுளுக்கியது. ஒவ்வொரு நாளும் எல்லாச் சாமான்களும் புதிதாகப் பங்கு பிரிபடும்.

புத்தகத்தில் சில படங்களைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தது. குவைத்து வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாய் தகப்பனுக்குக் காட்டுவதற்குப் போட்ட வட்டங்கள். எங்களைப் பொறுத்தவரை அவை கெட்டுப்போன படங்கள். வேறு யாரோ முதலிலேயே கை வைத்துவிட்ட சாமான்கள். அவற்றுக்கு யாரும் போட்டி போடுவதில்லை. ஹிதாயா அவற்றை மட்டும்தான் எடுப்பாள். அவசரப்படவும் மாட்டாள். நாங்கள் எல்லோரும் அடிபட்டு முடிந்த பிறகு வட்டத்துக்குள் மெதுவாக உள்ளங்கையை வைப்பாள். அதிலும் ஆடும் மரக்குதிரை ஒன்று. நிசமான பிடரிமயிர் வைத்தது. சிவப்பு வட்டம் அதைச் சுற்றி இரண்டு தரம் ஓடியிருந்தது.

"அது வேறாளுட சாமான். உனக்கு விசரா?" என்று பொடியன்மார் சிரிப்பார்கள்.

"எனக்கு இதுதான்," என்பாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

அந்த நாட்களில் கடிதத்தைவிடக் கசெட்தான். பக்கத்து வீட்டில் கசெட் பதியும் றேடியோவை இரவல் வாங்கி, எல்லோரும் முறைவைத்துப் பேசி, குவைத்துக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிடுவோம். அந்தத் தடவை நான் கைக்கடிகாரம் கேட்டேன். உம்மா சுகம் விசாரித்தார். ஹிதாயாவின் முறை வந்தபோது அவள் றேடியோவுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனாள்.

"உம்மா, சிவப்பு வட்டம் போட்ட குதிரைய வாங்கிட்டாங்களா? அத எங்க வெச்சிரிக்கி? நீங்க படுக்கிற இடத்தில இரிந்து பாத்தா தெரியுமா?"

பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்த என் உம்மா, அவள் பேசி முடிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை. அந்தக் கசெட்டில் அதன் பிறகு கொஞ்சநேரம் வெறும் கடல் சத்தம்தான் பதிவாகியிருக்கும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் சாமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள், தாய் இருக்கும் வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டம் போட்டவையெல்லாம் அந்த வீட்டுக்கு வந்து சேரும். சாச்சி அவற்றைத் தூசு தட்டுவார், தூக்கி வைப்பார். வட்டம் போடாத பொம்மை எவ்வளவு வடிவாக இருந்தாலும் அதன்மேல் அவளுடைய உம்மாவின் கை படப்போவதில்லை.

பதில் கசெட் வர மாதக்கணக்கானது. எல்லோருடைய பெயரையும் சொல்லி ஸலாம் சொன்ன பிறகு சாச்சியின் குரல் தணிந்தது.

"ஹிதாயா புள்ள, குதிரைய வாங்கிட்டாங்க. மேல் மாடியில யன்னலுக்குப் பக்கத்தில நிக்கி. அதிட மயிர நான்தான் சீவி விடுற. அவன் ஏறி ஆடக்க விழுந்திராம நான்தான் பிடிச்சிக்கி நிக்கிற. படுக்கிற இடத்தில இரிந்து பாத்தா தெரியாது, மகள். ஆனா ஆடுற சத்தம் கேக்கும்."

ஹிதாயா அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். றேடியோவைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றுவிட்டு, பிறகு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார்.

சாச்சி முதல் தடவை திரும்பி வந்தபோது நாங்கள் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தோம். வேன் ஒழுங்கைக்குள் வந்ததும் ஹிதாயா கதவுச் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள். சாச்சி பெட்டியைத் திறந்து, புத்தகத்தில் நாங்கள் எல்லோரும் அடிபட்ட அந்தக் கண் மூடும் பொம்மையை வெளியில் எடுத்தார். மகளுக்குப் பொம்மை விளையாடும் வயது தாண்டிவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஹிதாயா வந்து அதை வாங்கி என்னிடம் தந்தாள். பிறகு தாயின் இரண்டு கைகளையும் பிடித்து மூக்கில் வைத்து மணந்தாள்.

வீடு அரைச்சுவரோடு நின்றதால் அவர் மறுபடியும் போனார். குவைத்தில் யுத்தம் வந்தபோது ஒரு கைப்பையோடு ஊர் வந்து சேர்ந்தார். அதற்குள் கூரை ஏறியிருந்தது. அந்த வீட்டில்தான் ஹிதாயாவுக்குக் கலியாணம் நடந்தது. அந்த வீட்டில்தான் மகள் பிறந்தாள். பொம்மை எப்போதோ உடைந்துபோனது. புத்தகம் மட்டும் அவளுடைய அலுமாரியில் இருந்தது. வருடத்தில் ஒருதரம், பெருநாளைக்குக் கோப்பைகளை எடுக்கும்போது, அதையும் எடுத்துத் துடைத்து வைப்பாள்.

பிறகு கடல் வந்தது. கடற்கரை ஓரமாக இருந்த எல்லா வீடுகளையும் போல அந்த வீடும் புத்தகத்தோடு போனது. ஹிதாயா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாச்சியின் கையைப் பிடித்து வயல் பக்கம் ஓடித் தப்பினாள். கணவரின் தோணியும் மிஞ்சவில்லை. அவர் நெஞ்சு வருத்தக்காரர் ஆகிவிட்டார். சாச்சி ஒரு வாழ்நாள் முழுக்க மற்ற வீடுகளைக் கூட்டித் துடைத்துக் கட்டிய வீட்டின் இடத்தில் அத்திவாரக் கல் மட்டும் மணலுக்குள் தெரிந்தது. தற்காலிகக் கொட்டிலில் இருக்கும்போது ஹிதாயா கத்தாருக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தாள்.

"நான் போனது காணும், நீயும் போகோணுமா புள்ள?" என்றார் சாச்சி.

"இவளுக்கும் ஒரு வீடு வேணும்தானே உம்மா," என்றாள் ஹிதாயா. மகள் அப்போது ஒன்றும் விளங்காதவள் போலத் தலையைக் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அங்கே கழித்த வருடங்களைப் பற்றி அவள் அதிகம் கதைத்ததில்லை. திரும்பி வந்த பிறகு, உடுப்புக் கடையில் சேர்வதற்கு முன்பு, ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னாள்.

"முதல் நாள் அந்த வீட்டுப் புள்ளைட அறைக்குள்ள போனன். எல்லாம் தெரிஞ்ச சாமான் மாதிரி இரிந்திச்சி. குசினி, ரயில், குதிரை. ஒண்டையும் ஆரும் எடுத்து விளையாடல்ல. பாதி பெட்டிக்குள்ளேயே கிடந்திச்சி. அந்தப் புள்ளைக்கு விளையாட ஆளில்ல. நான் தரையில இரிந்து எல்லாத்தையும் வெளியில எடுத்தன். வேலை முடிஞ்ச பிறகு ஒவ்வொரு நாளும் ரெண்டு பேரும் விளையாடுவம்." அடுத்த வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் அங்க போய்த்தான் விளையாடி முடிச்சன்," என்றாள்.

சாச்சி பக்கத்தில் கதிரையில் இருந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. காது நன்றாகக் கேட்கும். ஹிதாயா அவர் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, குதிரை வெச்சிரிந்த அந்தப் பொடியனுக்கு என்ன பேர்?"

அத்தனை வருடத்தில் சாச்சி அந்தப் பெயரை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. கசெட்டிலும் 'அவன்' என்றுதான் சொல்வார். நாங்களும் கேட்டதில்லை.

"யூசுப்," என்றார்.

"உங்கள என்னெண்டு கூப்பிடுவான்?"

சாச்சி கதிரையின் கையைத் தடவினார்.

"எனக்கிட்ட இரிந்த புள்ள என்ன 'மாமா' எண்டு கூப்பிடும்," என்றாள் ஹிதாயா. என்னைப் பார்த்து, "எங்கட மாமா இல்ல. அங்க உம்மாவ அப்பிடித்தான் கூப்பிடுற," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாச்சிக்கு வரவில்லை.

"அவனும் அப்பிடித்தான்," என்றார் சாச்சி. "ஒனக்குச் சொல்லப்படாதெண்டு நெனச்சன் மகள்."

"அப்ப சொல்லியிரிந்தா எனக்குப் பொறாம வந்திரிக்கும் உம்மா."

"இப்ப?"

"இப்ப அவனும் பாவமெண்டு இரிக்கி. அவனையும் விட்டிட்டுத்தானே வந்தீங்க."

சாச்சி முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். ஹிதாயா வெங்காயக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போய்த் தாயின் காலடியில் உட்கார்ந்து, தலையை அவர் மடியில் வைத்தாள். சின்ன வயதில் அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அது அவளுக்கு வாய்க்கவில்லை. நான் மீதி வெங்காயத்தை உரித்து முடித்தேன். அடுத்த வருடம் சாச்சி மௌத்தாகிவிட்டார்.

கத்தார் பணத்தில் மகளுக்கு வீடு எழும்பியது, கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. மகளுக்குக் கலியாணம் நடந்தது. ஹிதாயா உடுப்புக் கடையில் நின்றாள். பிறகு சீனி வருத்தமும், அதைத் தொடர்ந்து சிறுநீரகமும். இந்த வருடம் அவளை அடிக்கடி ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன்.

மௌத்தான அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அவளைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு மையவாடிக்கு அடக்கப் போனார்கள். வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். கொழும்பில் வேலை செய்யும் என் மகன் ஜனாஸாவுக்கு வந்துசேர முடியாமல் போனதால் தொலைபேசி எடுத்தான். நான் எழுந்து வளவுக்குள் போனேன்.

அவளோடு தொலைபேசியில் கதைத்த எல்லோருக்கும் இது தெரியும். ஸலாம் சொன்னதும் ஹிதாயா சுகம் கேட்க மாட்டாள். "இப்ப எங்க நிக்காய்? கையில என்ன?" என்றுதான் கேட்பாள். கத்தாரிலிருந்து எடுத்த காலத்தில் தொடங்கிய பழக்கம். அங்கிருந்து அழைக்க எவ்வளவு செலவாகும் என்று நினைத்து எனக்குப் பதறும். போன கிழமைகூட வார்ட்டிலிருந்து எடுத்தாள்.

"எங்க நிக்காய்?"

"குசினிக்க."

"கையில என்ன?"

"தேங்காய்ப் பூ."

"எந்தக் கோப்பையில?"

"நீலக் கோப்பையில."

"ஆ, சரி. இப்ப கதை," என்றாள்.

நாம் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அவளால் நம்மோடு கதைக்க முடிந்தது. அவளுடைய பெயரை ஒலிபெருக்கி கடைசியில் சொன்னது. இந்தப் பக்கத்தில் முதலாவதாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அவளுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அல்லாஹ் அவள் அடங்கிய கப்றை விசாலமாக்கி வைக்கட்டும். இந்தக் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

மகன் ஸலாம் சொன்னான். அழுதேனா, சாப்பிட்டேனா என்று கேட்கத் தொடங்கினான்.

"நீ இப்ப எங்க நிக்காய் மகன்? கையில என்ன?" என்றேன்.

அந்தக் கேள்வி யாருடையது என்று அவனுக்கும் தெரியும்.

"பஸ் ஹோல்ட்டில நிக்கிறன் உம்மா. மழை பெய்யுது. கையில குடை."

"குடை என்ன நிறம்?" என்று கேட்டேன்.